அணைத்துப் போடும் கலை குறித்து ஒரு விண்ணப்பம்

பெறுநர்: குறைதீர்ப்புப் பிரிவுப் பொறுப்பாளர் அவர்கள், வீடுகளுக்குக் கண்ணாடியிழை இணைய இணைப்பு வழங்கும் நிறுவனம்.

பொருள்: ரவுட்டரை ஒருமுறை அணைத்துப் போடுமாறு தங்கள் பிரிவு வழங்கிவரும் அறிவுரை – பாராட்டும் சில ஐயங்களும் – தொடர்பாக.

பார்வை: ‘தங்கள் புகார் வெற்றிகரமாகத் தீர்க்கப்பட்டது’ என்னும் தங்கள் குறுஞ்செய்தி.

ஐயா / அம்மையீர்,

வீட்டுக் கணினியில் இணையம் நிற்கும்போதெல்லாம், காரணம் எதுவாயினும், ரவுட்டரை அணைத்துச் சற்றுப் பொறுத்து மீண்டும் போடுமாறு தங்கள் பிரிவு சொல்லிவருவதை எள்ளுவோர் பலர் உண்டெனினும், அந்த அறிவுரையில் சரக்கு இல்லாமலில்லை என்பதை வாடிக்கையாளர் தரப்பு ஒப்புக்கொள்ளவே செய்கிறது. ரவுட்டரும் ஒரு சிறு கணினிதான். வீட்டிலுள்ள ஒவ்வொரு கருவியும் வெளியே யாரோடு பேசுகிறது என்பதை அது ஓர் அட்டவணையில் குறித்துக்கொண்டே போவதால், அந்த அட்டவணை நிரம்பியோ குழம்பியோ போனால், மின்சாரத்தை நிறுத்திக் கொடுப்பதே பழைய கணக்கைத் துடைத்துப் புதுக்கணக்கு தொடங்கும் எளிய வழியாகிறது.

ஐயம் எழுவது, அறுந்த இடம் எது என்று பாராமலே இந்த ஒரே மருந்து எல்லா நோய்க்கும் எழுதித் தரப்படும்போதுதான். ஒரு கணினி இன்னொன்றுக்குச் சிறு செய்தி அனுப்பி மறுமொழி வருகிறதா என்று பார்க்கும் ‘பிங்’ என்னும் நிரலை அமெரிக்க ராணுவ ஆய்வகம் ஒன்றில் பணியாற்றிய மைக் மூஸ் 1983 டிசம்பரில் எழுதினார்; இன்று அது ஏறத்தாழ எல்லாக் கணினிகளிலும் விலையின்றிக் கிடக்கிறது. அதைக்கொண்டு முதலில் ரவுட்டரையும் (பல வீடுகளில் அதன் முகவரி 192.168.1.1), அடுத்து 8.8.8.8 போன்ற வெளி முகவரி ஒன்றையும், கடைசியாக ஓர் இணையதளத்தின் பெயரையும் கூப்பிட்டுப் பார்த்தால் பழுது எந்தப் படியில் இருக்கிறது என்பது பெரும்பாலும் பிடிபட்டுவிடும். கணினியின் முகவரி 169.254 என்று தொடங்கினால், ரவுட்டர் முகவரி தராததால் கணினி தானே ஒன்றைச் சூட்டிக்கொண்டது என்று பொருள். அது வீட்டுக்குள் நடக்கும் தகராறு, அதில் தங்கள் நிறுவனத்துக்குப் பங்கில்லாமலும் இருக்கலாம். ஆனால் 8.8.8.8 மறுமொழி தந்து, பெயர் சொல்லிக் கூப்பிட்டால் மட்டும் பதில் வராவிட்டால், பெயரை எண்முகவரியாக மாற்றித் தரும் டிஎன்எஸ் என்னும் ஏற்பாட்டைச் சந்தேகிக்க வேண்டும். படுத்துக் கிடப்பது தங்கள் நிறுவனத்தின் டிஎன்எஸ் சர்வர் என்றால், வாடிக்கையாளர் தம் வீட்டு ரவுட்டரை விடியவிடிய அணைத்துப் போட்டாலும் அது எழுந்திருக்கப் போவதில்லை.

சுவரில் மாட்டிய பெட்டியில் ‘எல்ஓஎஸ்’ என்று பொறித்த சிவப்பு லைட் சிமிட்டும் நேரத்தில் இந்த அறிவுரை உச்சத்தை எட்டுகிறது. கண்ணாடியிழை வழியே வரவேண்டிய ஒளி வந்து சேரவில்லை என்று மட்டுமே சொல்லத் தெரிந்த அந்த லைட்டைப் பார்த்துக்கொண்டே வாடிக்கையாளர் தொலைபேசியில் அழைக்க, பெட்டிக்குக் கரண்ட் வருகிறதா என்று தங்கள் பிரிவு கேட்கிறது. கரண்ட் இல்லாமல் லைட் எப்படிச் சிமிட்டும் என்ற எதிர்க்கேள்விக்குத் தங்கள் பிரதியில் இடமில்லை போலும். அதைவிட வியப்பானது, கரண்ட் வருகிறதா என்ற கேள்விக்கான விடை தங்கள் நிறுவனத்திடமே இருப்பதுதான். ஓர் இழையைப் பல வீடுகளுக்குப் பிரித்துத் தரும் ஜிபான் வகை இணைப்பில், வீட்டுப் பெட்டி மின்சாரம் இழக்கும் கணத்தில் மிச்சமிருக்கும் சிறு ஆற்றலைக்கொண்டு ‘கரண்ட் போய்விட்டது’ என்று தங்கள் நிறுவனத்தின் தலைமைக் கருவிக்கு ஒரு கடைசிச் செய்தி அனுப்பும் ஏற்பாடு உண்டு. பொறியாளர்கள் இதை ‘டையிங் காஸ்ப்’, அதாவது சாகும்போது விடும் மூச்சு, என்கிறார்கள். அந்த மூச்சும் வராமல் பெட்டி சட்டென மறைந்தால் இழையில் கோளாறு என்று ஊகிக்கலாம். ஒரே இழையிலிருந்து பிரிந்துபோகும் 32 அல்லது 64 வீடுகளும் ஒருசேர மறைந்தால், கோளாறு எந்த வீட்டுக்குள்ளும் இல்லை என்பதை அறியப் பொறியாளர்கூடத் தேவையில்லை.

இழை அறுபடக் காரணங்களுக்குப் பஞ்சமில்லை: லாரி உரசும், மரக்கிளை முறியும், அணில் கடிக்கும். (2021-இல் மின்தடைக்கு அணிலைக் காரணம் சொன்னபோது தமிழ்நாடே சிரித்ததால் அந்தப் பிராணியைச் சாட்சிக்கு அழைக்க இப்போது எவருக்கும் துணிவில்லை என்பது வேறு, கேபிளை அணில் கொறிப்பது என்னவோ உண்மைதான்.) அறாமல் கூர்மையாக மடங்கினாலே போதும், ஒளி கசிந்து வேகம் குறையும் அல்லது இணைப்பே போகும். இவை எதற்கும் தேவைப்படுவது, ஏணியும் இழையை உருக்கி ஒட்டும் ஸ்ப்ளைசிங் மெஷினும் கொண்ட ஓர் ஆளே.

ஆளுக்குப் பதிலாக வருவது பார்வையில் கண்ட குறுஞ்செய்தி. தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான ட்ராய் 2006-இல் வகுத்த அகலக்கற்றைத் தர விதிகள், பழுது மூன்று வேலைநாளுக்கு மேல் நீடித்தால் கட்டணத்தில் கழிவு தரவேண்டும் என்றன. விதிகள் பின்னர் புதுப்பிக்கப்பட்டாலும், நாள் எண்ணும் வழக்கத்தின் மீதுள்ள அச்சம் நிறுவனங்களை விட்டுப் போகவில்லை. எனவே புகார் மூப்படைவதற்குள் ‘தீர்க்கப்பட்டது’ என்று மூடப்படுகிறது. வாடிக்கையாளர் மீண்டும் அழைத்தால் புதிய கம்ப்ளைண்ட் நம்பருடன் மீண்டும் பிறக்கிறது. நாள் கணக்கு பூச்சியத்திலிருந்து ஓடுகிறது. ரவுட்டருக்குச் செய்வதையே புகாருக்கும் செய்யும் இந்தக் கொள்கை ஒருமைப்பாடு பாராட்டுக்குரியது.

ஆகவே, புகார்களை அணைத்துப் போடும் பணியிலிருந்து ஓர் ஊழியரையேனும் விடுவித்து, தலைமைக் கருவியின் திரையைப் பார்க்கவும், பார்த்ததை லைன்மேனுக்குச் சொல்லவும் பணிக்குமாறும், பழுது நீடித்த நாள்களை, முதல் கம்ப்ளைண்ட் நம்பரிலிருந்தே எண்ணிக் கழிவு வழங்குமாறும் பணிவுடன் வேண்டப்படுகிறது.

இப்படிக்கு,
தங்கள் பதிவேட்டின்படி குறையேதுமில்லாத வாடிக்கையாளர்.