பத்து மணி மூன்று முறை அடித்த இரவு: ராக்கெட் பார்ப்போரின் கழுத்து, காது, கைபேசி குறித்து ஓர் ஆய்வு

ராக்கெட்டைப் பற்றி எழுதியவர்கள் ஏராளம். அதை அண்ணாந்து பார்த்தவனின் கழுத்தைப் பற்றி ஒருவரும் எழுதவில்லை. இந்தக் குறையைத் தீர்க்கும் பொறுப்பு சுள்ளிக்கல்லில் குடியிருக்கும் எனக்கு வந்து சேர்ந்தது தற்செயல் அல்ல.

ஊர்ப்பெயரை ஆராய்ந்துவிட்டுத்தான் எதையும் தொடங்க வேண்டும் என்பது நம் ஆய்வு மரபு. கொச்சியில் மட்டாஞ்சேரிக்கும் தோப்பும்படிக்கும் நடுவே எங்கள் சுள்ளிக்கல். ஸ்ரீஹரிகோட்டா போகிறவர்கள் ரயிலை விட்டு இறங்கும் ஊர் சூளூர்ப்பேட்டை. சுள்ளி அடுப்பு மூட்டுவது. சூள் என்பதற்குச் சபதம் என்றும் தீப்பந்தம் என்றும் பொருள். ஆக, ஒரு முனையில் விறகு, மறுமுனையில் பந்தம், நடுவில் தண்டவாளம். ராக்கெட்டைப் பார்க்கச் சுள்ளிக்கல்காரன் சூளூர்ப்பேட்டைக்குப் போவது விதிக்கப்பட்டது என்று இதனால் நிறுவப்படுகிறது. மொழியியல் படித்தவர்கள் இதை ஒப்ப மாட்டார்கள். அவர்களை நான் கலந்து கொள்ளவில்லை.

முன்னாய்வுகள் என்று பார்த்தால் ஒன்றுதான் கிடைத்தது, அதுவும் வாய்மொழி. 1963 நவம்பர் 21 அந்தியில் தும்பாவிலிருந்து நைக்கி-அப்பாச்சி ராக்கெட் கிளம்பி, உயரே போய்ச் சோடியம் ஆவியைக் கக்கியது. வானத்தில் ஆரஞ்சு நிறத்தில் ஒரு மேகம் நெளிந்தது. இந்திய மண்ணிலிருந்து கிளம்பிய முதல் விண்வெளி ராக்கெட் அது. அந்த மேகத்தை மட்டாஞ்சேரி ஜெட்டியில் நின்று தன் கண்ணால் பார்த்ததாகப் பக்கத்து வீட்டு இக்கா முப்பது வருடமாகச் சொல்லி வருகிறார். அவருடைய ஆதார் அட்டையில் பிறந்த ஆண்டு 1961. இந்தச் சான்றை நான் தள்ளவில்லை. இரண்டு வயதுக் குழந்தை தோளில் உட்கார்ந்திருக்கும். அதற்குக் கழுத்து வலிக்காது. ஆகவே நன்றாகவே பார்த்திருக்கும்.

களப்பணிக்குத் தேர்ந்துகொண்டது 2024 டிசம்பர் 30, இரவு. பி.எஸ்.எல்.வி.-சி60. 44.5 மீட்டர் உயரம், 229 டன் எடை, தலையில் ஸ்பேடெக்ஸ் என்று இரண்டு துணைக்கோள்கள். ஆய்வுக் குழுவில் மூவர்: நான், இக்கா, என் அத்தை. மாதிரி அளவு போதாது என்று யாராவது சொன்னால், மூவருக்கும் இரவு ரயிலில் கீழ்ப் படுக்கை வாங்கிப் பார்த்துவிட்டுச் சொல்லட்டும்.

கிளம்புவதற்கு முன்பே இக்காவோடு தகராறு. டிசம்பர் 31 நள்ளிரவு ஃபோர்ட் கொச்சி பரேடு மைதானத்தில் பழைய வருடத்தின் உருவபொம்மையான பாப்பாஞ்சியை எரிப்பார்கள்; அதைவிட்டு வேறெங்கும் நான் வரமாட்டேன் என்றார். நியாயம்தான். இருட்டில் ஆயிரக்கணக்கான பேரோடு நின்று ஒரு தீயைப் பார்ப்பதில் எங்கள் பக்கத்துக்காரர்களுக்கு உள்ள பயிற்சி வேறு யாருக்கும் கிடையாது. அதற்குள் மன்மோகன் சிங் காலமானார். தேசிய துக்கத்தை முன்னிட்டு அந்த வருடம் பரேடு மைதானத்தில் எரிப்பு இல்லை என்று செய்தி வந்தது. இக்கா ஒரு பெருமூச்சு விட்டுப் பையைக் கட்டினார்.

எர்ணாகுளத்திலிருந்து சென்னை, சென்ட்ரலிலிருந்து புறநகர் ரயிலில் சூளூர்ப்பேட்டை, அங்கிருந்து பழவேற்காடு ஏரியைக் கிழித்துக்கொண்டு போகும் சாலை. இதில் ஆய்வுக்கு உதவும் எதுவும் இல்லை, அத்தை பூநாரைகளைக் கொக்கு என்று அழைத்ததைத் தவிர.

ஸ்ரீஹரிகோட்டாவின் பார்வையாளர் அரங்கம் 2019-இல் திறந்தது. படிக்கட்டு வரிசைகளில் 5,000 பேர் உட்காரலாம். அதே ஆண்டு ஜூலை 15 அதிகாலை 2:51-க்கு சந்திரயான்-2 கிளம்பும் என்று ராத்தூக்கம் கெட்டு வந்தவர்கள், 56 நிமிடம் 24 விநாடி பாக்கி இருக்கையில் எண்ணிக்கை நின்று, வந்த வழியே திரும்பினார்கள். ஒரு வாரம் கழித்து அது பட்டப்பகலில் போயிற்று. ஏவாத ராக்கெட்டைப் பார்த்தவர்கள் என்று அவர்களுக்குத் தனி வகுப்பு ஒதுக்கியிருக்கிறேன். எங்கள் முறைக்கு அப்படி நேரவில்லை, கொஞ்சம் தள்ளித்தான் போயிற்று. 9:58-க்குக் கிளம்ப வேண்டியது, போகிற பாதையில் மற்றத் துணைக்கோள்கள் நெருங்கக்கூடும் என்று 10 மணி 15 விநாடிக்கு மாறியது. "ஆகாசத்திலும் தோப்பும்படி பாலத்து நெரிசலோ?" என்றார் இக்கா.

இனி ஆய்வின் உயிர்நிலை. அன்றிரவு அந்த அரங்கில் பத்து மணி ஒரு தடவை அல்ல, மூன்று தடவை வந்தது.

முதல் பத்து மணி கண்ணுக்கு. அடிவானத்தில் ஒரு மஞ்சள் வெளிச்சம் கசிந்து, அடுத்த நொடியில் உருண்டு திரண்டு மேலே வந்தது. சத்தம் துளியும் இல்லை. எனக்கு முன்வரிசையில் இருந்தவரின் சட்டைக் காலர் நூல்கூடத் தெரிந்தது. இரண்டாம் பத்து மணி காதுக்கு. ஒலி ஒரு கிலோமீட்டரைக் கடக்க ஏறக்குறைய 3 விநாடி எடுக்கும். நான் விரல்விட்டு எண்ணினேன். 19 வரும்போது வந்து சேர்ந்தது. முதலில் காலடியில் ஒரு நடுக்கம், பிறகு நெஞ்சுக்கூட்டில், கடைசியாகத்தான் காதில். வெடிச்சத்தம் அல்ல அது. வானத்தின் அளவுக்கு ஒரு வாணலி வைத்து அதில் கடுகு தாளித்தால் எப்படிப் பொரியுமோ அப்படி. திருச்சூர் பூரத்து வெடிக்கட்டைக் கேட்டுக் காது பழுத்த இக்காவே வாயைத் திறந்தபடி நின்றார்.

மூன்றாம் பத்து மணி கைபேசிக்கு. பக்கத்தில் ஓர் இளைஞர் காதில் ஒயரைச் செருகிக்கொண்டு, நேரலையைக் குனிந்து பார்த்துக்கொண்டிருந்தார். நேரலை நேரத்துக்குப் பிந்தித்தான் வரும். ராக்கெட் எங்கள் தலைக்கு மேல் ஏறிக்கொண்டிருக்க, அவருடைய திரையில் அது இன்னும் தரையில் நின்றுகொண்டிருந்தது. அங்கே எண்ணிக்கை பூஜ்யத்தைத் தொட்டதும் அவர் எழுந்து கைதட்டினார். எங்களுக்கெல்லாம் பழையதாகிவிட்ட ராக்கெட்டுக்கு ஒருவர் மட்டும் புதிதாகக் கைதட்டினார். என் தீர்ப்பு: அவரும் நேரில் பார்த்தவர்தான், ஆனால் வீட்டிலிருந்தபடி.

கழுத்துக்கு வருவோம். அக்கா மகனின் ஜியாமெட்ரி பாக்ஸிலிருந்து பாகைமானியை எடுத்து வந்திருந்தேன். தொடக்கத்தில் கழுத்து கிடைமட்டம். ஒரு நிமிடத்துக்குள் அறுபது பாகையைத் தாண்டியது. இதோ தொண்ணூறு வரப்போகிறது, பின்னால் சாயப்போகிறோம் என்று எல்லோரும் பின்வரிசையைப் பிடித்துக்கொண்ட நேரத்தில், கழுத்து இறங்கத் தொடங்கியது. ராக்கெட் இன்னும் ஏறிக்கொண்டுதான் இருந்தது. ஆனால் அது செங்குத்தாக ஏறுவதில்லை. சுற்றுப்பாதைக்கு வேண்டிய வேகத்தைப் பிடிக்கக் கடல் பக்கம் சாய்ந்து ஓடுகிறது. ஆகவே அது மேலே போகப் போக, பார்ப்பவர் தலை கீழே வருகிறது. ஒலிபெருக்கி எல்லாம் சரியாகப் போகிறது என்கிறது. கண்ணுக்கோ அது கடலில் விழுவது போல் இருக்கிறது. "மோனே, அது தாழே வருன்னல்லோ" என்று இக்கா என் கையைப் பிடித்துக்கொண்டார். நியூட்டனைச் சொல்லி விளங்கவைத்தேன். அவர் விளங்கிக்கொண்டதாகத் தெரியவில்லை, கையையும் விடவில்லை.

அத்தை எங்கே பார்த்தாள் என்பதைத் தனியே பதிவு செய்ய வேண்டும். கண்புரை அறுவை செய்து ஆறு மாதம். வெளிச்சம் கூசும் என்று ராக்கெட்டுக்கு முதுகைக் காட்டி நின்றுவிட்டாள். பிறகு கேட்டபோது, "ஏல, நீங்க என்னத்தப் பாத்திய? எல்லா மூஞ்சியும் ஒண்ணுபோல மேல பாத்துச்சு. வாயத் தொறந்துட்டு, கொள்ளப் பேரு, சின்னப் புள்ளைய மாரி. பொறவு ஒவ்வொரு மூஞ்சியா இருண்டு போச்சு" என்றாள். குழுவில் ஒழுங்காகக் களப்பணி செய்தது அவள் ஒருத்திதான்.

துணைக்கோள்கள் கால் மணி நேரத்தில் 475 கிலோமீட்டர் உயரத்தை அடைந்தன. அத்தையின் முட்டிவலியோடு நாங்கள் வாசலை அடைய அதைவிட நேரம் பிடித்தது. இடையில் அத்தையும் இக்காவும் கூட்டத்தில் பிரிந்து, ஒரு மணி நேரம் கழித்து ஒரு சுண்டல் வண்டி அருகே ஒன்றுசேர்ந்தார்கள். ஸ்பேடெக்ஸின் இரண்டு துணைக்கோள்களுக்கு இதே வேலையைச் செய்ய 17 நாள் ஆயிற்று. 2025 ஜனவரி 16 அன்று இணைந்தன.

அந்த ராக்கெட்டின் கடைசி அடுக்கில் எட்டுக் காராமணி விதைகள் போயிருந்தன. நாலே நாளில் விண்வெளியில் முளைவிட்டன. எங்கள் விளைச்சலோ வேறு: என் கைபேசியில் 4 நிமிடம் 11 விநாடி இருட்டு பதிவாகியிருக்கிறது. இக்காவின் வீடியோவில் ராக்கெட் இல்லை. அதில் என் பின்மண்டை பளபளவென்று தெரிகிறது. அதைத்தான் சுள்ளிக்கல் முழுக்க எல்லோருக்கும் போட்டுக் காட்டுகிறார்.