பாட்டன் கட்டிலு, பேரன் சாமானு

வா தம்பி, உக்காரு. சிங்கப்பூர் போயி ராஃபிள்ஸ் ஓட்டலப் பாத்துட்டு வந்தியாமே? உள்ள தங்கினியா, வாசல்ல நின்னு செல்பி எடுத்தியா? சரி விடு, அத நான் கேக்கல.

அந்தக் கதை எனக்கும் தெரியும்டா. மன்னார்குடிப் பக்கம் சிங்கப்பூருக்கு ஆள் அனுப்பாத தெரு ஏது? 1887ல ஆர்மீனியாக்காரங்க, சார்க்கீஸ் சகோதரங்க, பத்து அறை பங்களாவுல தொடங்கினது. 1899ல பெரிய கட்டடம் எழுப்பினப்ப அவங்க பெருமை என்ன தெரியுமா? கரண்டு வெளக்கு! கரண்டு காத்தாடி! அன்னிக்குப் புதுசக் காட்டி ஆள் புடிச்சான். இன்னிக்கு அதே மாதிரி காத்தாடியக் காட்டி, "பழசு, பழசு"ன்னு புடிக்கிறான்.

1987ல அரசாங்கம் தேசியச் சின்னம்னு சொல்லிடுச்சு. இடிக்காம வச்சானே, அதுக்கு ஒரு கும்பிடு. அப்புறம் 1989ல மூடினான். 1915ல இருந்தாப்புல ஆக்குறேன்னு தட்டிக் கொட்டி 91ல தொறந்தான். 2017ல மறுபடி மூடி, 2019ல தொறந்தான். இம்புட்டு நாளு என்னய்யா செஞ்சேன்னா, செஞ்சதே தெரியக் கூடாதாம். அதான் நேர்த்தியாம்! நம்மூரு கொத்தனாரு இப்படிச் சொல்லிக் கூலி கேட்டா, குடுப்பியா?

1915ல அங்க படுத்தவன் வேர்த்து வழிஞ்சு படுத்தான். இன்னிக்குப் படுக்குறவனுக்கு ஏசி வேணும், ஆனா கண்ணுல படக் கூடாது. வெளக்கணைக்கத் தொடுதிரை வேணும். பாட்டன் கட்டில்ல படுத்துக்கிட்டு பேரன் சாமான நோண்டணும். மொத்தம் 115 அறை. அறைன்னா கோச்சுக்குவான், சூட்டுன்னு சொல்லு.

1902ல சர்க்கஸ்லேருந்து தப்பிச்ச புலி ஒண்ணு, பில்லியர்ட்ஸ் கொட்டகைக்கு அடியில பூந்து, சுடுபட்டுச் செத்துச்சு. நல்லவேள, அதையும் மீட்டெடுக்குறேன்னு எவனும் கெளம்பல.

லாங் பார்னு ஒண்ணு இருக்கே, போனியா? கடலைய உரிச்சுத் தோலத் தரையிலேயே போடலாம். தெருவுல காயிதம் போட்டா அபராதம் தீட்டுற ஊருடா அது! உள்ள போட்டா அது சம்பிரதாயம். இங்க நான் திண்ணையில நாலு தோலு போட்டா உங்க அப்பாயி வெளக்கமாத்தத் தூக்குறா. பாரம்பரியத்தக் காப்பாத்துறேன்டின்னா கேக்குறாளா?

என்னடா சிரிக்கிற? கூடத்துக்கு மேல ஓடு நாலு ஒடஞ்சு கெடக்கு. நாப்பது வருசமா ஐப்பசிக்கு முன்னாடி மாத்திப்புடுவேன். மூடவும் இல்ல, தொறப்பு விழா வைக்கவும் இல்ல. எந்திரி, வந்து ஏணியப் புடி.