பரங்கிமலை உச்சியில் சொந்த வீடு தேடுதல்: ஓர் ஆய்வு

மலையேறும் குடும்பங்கள் உச்சியில் நின்று எதைப் பார்க்கின்றன? இதை ஆராயச் சென்னைப் பரங்கிமலை களமாகக் கொள்ளப்பட்டது. உயரம் சுமார் 300 அடியே என்பதால் ஆய்வாளரின் உயிருக்கு ஆபத்தில்லை.

ஏறுவழி, 18ஆம் நூற்றாண்டில் ஆர்மீனிய வணிகர் பெட்ரூஸ் உஸ்கான் தம் செலவில் கட்டிக்கொடுத்த படிக்கட்டு. படிகள் எத்தனை என்பதில் அறிஞர்களிடையே ஒருமித்த கருத்தில்லை. கீழிருந்து எண்ணிக்கொண்டே வரும் பையனைத் தங்கை வம்புக்கிழுக்க, கணக்கு பாதியில் விட்டுப்போகிறது. தூரத்துக்கு வழங்கும் ஒரே அலகு ‘இதோ வந்தாச்சு’. கார்ப்பாதையும் உண்டு. அதில் வந்த பாட்டி மேலே முன்னரே அமர்ந்துகொண்டு, “ஏண்டா இவ்ளோ நேரம்?” என்கிறார்.

1523இல் போர்த்துக்கீசியர் கட்டிய மாதா கோயிலைப் பார்த்தானதும் குடும்பம் கைப்பிடிச் சுவரோரம் ஒதுங்குகிறது. கீழே மீனம்பாக்கம் ஓடுதளம். விமானம் ஒன்று எழும்புகிறது. அதற்கு அரை நிமிட மரியாதை கிடைக்கிறது. பிறகு எழுகிறது நம் ஆய்வுப் பொருளான அந்தக் கேள்வி: “நம்ம வீடு எங்கப்பா?”

இதை அற்பமென்று தள்ளலாகாது. 1802 ஏப்ரல் 10 அன்று நில அளவையாளர் வில்லியம் லாம்ப்டன் இம்மலைப் பக்கத்துச் சமவெளியில்தான் 100 அடி எஃகுச் சங்கிலியால் ஏழரை மைல் அடிக்கோட்டை அளக்கத் தொடங்கினார். அளந்து முடிக்க 57 நாள் பிடித்தது. ஒரு பக்கமும் இரு கோணங்களும் தெரிந்தால் முக்கோணத்தின் மற்ற பக்கங்கள் தாமே கிடைத்துவிடும். அப்படி முக்கோணங்களைக் கோத்துக் கோத்தே இந்தியாவை அளந்தார்கள். ஆதம்பாக்கத்து அப்பா கையாள்வதும் அதே முறைதான். கருவி மட்டும் ஆள்காட்டி விரல்.

“அதோ மெட்ரோ ஸ்டேஷன். இந்தப் பக்கம் செல்போன் டவர். ரெண்டுக்கும் நடுவுல கறுப்பு டேங்க் தெரியுதா?”

“கறுப்பு டேங்க் எல்லார் வீட்லயுந்தாங்க இருக்கு.”

அம்மாவின் இம்மறுப்புரையை ஆய்வாளர் களத்தில் சரிபார்த்தார். மறுக்க முடியவில்லை. மேலும் ஓர் இடர்: நீட்டிய கையில் ஒரு விரலின் அகலம் ஒரு கிலோமீட்டருக்கு அப்பால் சுமார் 25 மீட்டரை மறைக்கும். ஆதம்பாக்கத்தில் அது மூன்று வீடு, ஒரு மாவு மில். போதாததற்கு, அப்பா தம் கண்ணுக்கு நேராகப் பிடிக்கும் விரலைப் பின்னால் நிற்பவர் வேறு கோணத்தில் பார்ப்பதால், கோடு பக்கத்துத் தெருவில் போய் விழுகிறது. குடும்பச் சண்டைகளில் இவ்வகையினவற்றுக்கு மட்டுமே வடிவியல் காரணமுண்டு என்பது என் துணிபு.

லாம்ப்டனின் கணக்கைச் சரிபார்க்க 1804இல் பெங்களூரு அருகே இன்னோர் அடிக்கோடு அளக்கப்பட்டது. குடும்பம் கீழ்வீட்டு அக்காவுக்குப் போன் போட்டது. “அக்கா, மொட்டை மாடிக்குப் போய்க் கொஞ்சம் கையாட்டுங்களேன்!” இரைச்சலில் மறுமுனை சரியாகக் கேட்கவில்லை. எனினும் அக்கா கையாட்டியதை நால்வர் தெளிவாகக் கண்டனர். பாட்டி சேலை நிறத்தையும் சொன்னார். அக்கா இரண்டு நாளாகத் தாம்பரத்தில் மகள் வீட்டில் இருக்கிறார் என்ற செய்தி, படியிறங்கும்போது வாட்ஸாப்பில் வந்தது.