பதினாறாவது கிலோமீட்டரில் சீசியம் இறங்கிவிடும்

ராஜபாளையத்துச் சம்சாரிகளும் ஸ்ரீவில்லிபுத்தூர் பால்கோவாக் கடைக்காரர்களும் நிம்மதியாகத் தூங்கலாம். கூடங்குளம் அணு உலைக்கு வகுத்திருக்கும் அவசரகாலத் திட்ட எல்லை 16 கிலோமீட்டர். நம் கண்மாய்கள் கிடப்பதோ வடக்கே 140 கிலோமீட்டர் தள்ளி. நாளைக்கே விபத்து என்றாலும், பதினாறாவது மைல்கல்லைக் கண்டதும் கதிரியக்கச் சீசியம்-137 வண்டியை ஓரங்கட்டி, "மேலே போக ஆர்டர் இல்லை" என்று இறங்கிவிடும். சர்க்கார் கிழித்த கோட்டைத் தாண்டித் தேசத்துரோக வழக்கு வாங்க அதற்கென்ன தலையெழுத்தா? அதெல்லாம் உலையை எதிர்த்த இடிந்தகரை சனங்களுக்கு. பயமாயிருக்கிறது என்று சொன்ன குற்றத்துக்கு ஆயிரக்கணக்கானவர்கள் மேல் அந்தப் பிரிவு பாய்ந்தது.

ஜப்பான் சீசியத்துக்குத்தான் ஒழுக்கம் பத்தவில்லை. 2011 மார்ச்சில் ஃபுகுஷிமாவில் உலைக் கட்டடங்கள் வெடித்தன. அங்கிருந்து வடக்கே, கிட்டத்தட்ட அதே 140 கிலோமீட்டரில், மியாகி மாகாணத்தில் தோமே என்றொரு ஊர். முந்தின அறுவடை வைக்கோல் வயலிலேயே கிடந்தது. மழையோடு சீசியமும் அதன்மேல் இறங்கியது. தீவனத்தைப் பத்திரப்படுத்துங்கள் என்று மாடு வளர்ப்பவர்களுக்கு அரசு சொன்னது. வைக்கோல் விற்கிற நெல் விவசாயிக்குச் சொல்லவில்லை. அவர் வேறு செக்‌ஷன் போலிருக்கிறது. வைக்கோல் மாட்டுக்குப் போய், மாடு கறிக்கடைக்குப் போய், ஜூலையில்தான் விழித்தார்கள். நமக்கென்ன, மாட்டைக் கறிக்கா வளர்க்கிறோம்? பாலைக் கறந்து சுண்டக் காய்ச்சிப் பால்கோவா கிண்டுகிறோம். சுண்டினால் தண்ணீர் போகும். சீசியம் போகாது.

அந்த அக்டோபரில், எங்கள் அரிசியில் பயமில்லை என்று ஃபுகுஷிமா ஆளுநர் அறிவித்தார். நவம்பரில் ஓனாமி பகுதி அரிசியில் கிலோவுக்கு 630 பெக்கரெல் கதிரியக்கம் காட்டியது. அன்றைய வரம்பு 500. அதே நவம்பரில்தான் அப்துல் கலாம் கூடங்குளம் வந்து, உலை பாதுகாப்பானது என்று சொல்லிவிட்டுப் போனார்.

நெற்பயிருக்குச் சீசியம் எது, பொட்டாசியம் எது என்று ஆள் அடையாளம் தெரியாது. மண்ணில் பொட்டாசியம் குறைந்தால் சீசியத்தை இழுத்துக்கொள்ளும். அதனால் அங்கே வயல் வயலாகப் பொட்டாஷ் போட்டார்கள். 2012இல் வரம்பை 100 ஆக இறக்கினார்கள். அந்த அறுவடையிலிருந்து வருஷத்துக்குச் சுமார் ஒரு கோடி மூட்டை, ஒன்று விடாமல், கருவியில் ஏற்றிப் பார்த்தார்கள். நம் நேரடி நெல் கொள்முதல் நிலையத்திலும் கருவி உண்டு. ஈரப்பதம் 17 சதவீதத்தைத் தாண்டினால் மூட்டை வீடு திரும்பும். பெக்கரெல் என்று கேட்டால், "அது குண்டு ரகமா, சன்ன ரகமா?" என்பார்கள். மிச்சமிருப்பது ராஜபாளையம் நாய். கள்ளனை விடாது; ஆனால் சீசியத்துக்கு வாசனை கிடையாதே!

எரிகிறதற்கு முன்னாலேயே வீட்டுக்கு விலை பேசி முடித்த பெருமை நம் நாடாளுமன்றத்துக்கு உண்டு. 2010ஆம் ஆண்டு நட்ட ஈட்டுச் சட்டம், உலையை நடத்துபவர் பொறுப்புக்கு 1,500 கோடி ரூபாய் என்று உச்சவரம்பு கட்டியது. ஃபுகுஷிமா உலைக்காரரான டெப்கோ கொடுத்த ஈடு 10 லட்சம் கோடி யென்னைத் தாண்டிவிட்டது. அந்த 1,500 கோடியில் திருநெல்வேலி, தூத்துக்குடி, கன்னியாகுமரிக்குப் பங்கு போக, விருதுநகர் மாவட்டத்துச் சம்சாரிக்கு என்ன தேறும் என்று விவசாயிகள் குறைதீர்க் கூட்டத்தில் கேட்டுப் பாருங்கள். பதில் வராது. கேட்டவர் பெயரையும் ஊரையும் மட்டும் கவனமாக எழுதிக்கொள்வார்கள்.