கலயத்துக்கு உசுரு உண்டு, மருமவனே

வெள்ளிக்கிழமை சாயங்காலம் ஆபீசு ஆளுகளோட அந்தப் புதுப் பப்புக்குப் போறியாமே, மருமவனே? என் மவன் சொன்னான். நல்லாப் போயிட்டு வா. இந்த நாட்டுக்கு வந்து ரெண்டு மாசம் ஆகுது, இன்னும் எத்தனை நாளைக்கு ரூமுக்குள்ள குக்கர் விசிலை எண்ணிக்கிட்டுக் கெடப்பே? நீ பட்டம் வாங்கினவன். நான் பனை ஏறி நெஞ்சுல காய்ப்பு வாங்கினவன். ஆனாலும் போன செவ்வாக்கிழமை அதே கடையில ரெண்டரை மணி நேரம் உக்காந்து எந்திரிச்சவன் நான். அதனால நாலு வார்த்தை சொல்லுதேன். பிடிச்சா எடுத்துக்கோ. பிடிக்கலைன்னாலும் உங்கம்மைக்குப் போன் போட்டுச் சொல்லிராதே. நான் சும்மா பாக்கத்தான் போனேன்.

கடை வாசல்ல நின்னதும் அண்ணாந்து பாரு. லீட்ஸுக்குப் பக்கத்துல இத்தினிக்காணு ஊரு. அதுல கடைத்தெரு நடுவுல தூணும் கல்லுமா அரமனை கணக்கா நிக்கி. முன்னால அது பேங்க்காம். சனங்க செல்போன்லயே பணம் அனுப்ப ஆரம்பிச்ச பொறவு பேங்க்காரன் பூட்டிட்டுப் போயிட்டான், பப்புக்காரன் வந்துட்டான். இங்க இது சகசம். தியேட்டரு, தபாலாபீசு, ஒண்ணு ரெண்டு கோயிலு கூட இப்படிப் பப்பா மாறியிருக்கு. உள்ள அந்தக் காலத்து இரும்பு ரூம் கதவு அப்படியே இருக்கு, ஒரு சாண் கனம். அதைத் தாண்டிப் போனா கக்கூஸு. முன்னால உள்ள போய்ப் போட்டுட்டு வந்தவன் ரசீது வாங்கினான், இப்பம் வாங்குறதில்லை. அம்புட்டுத்தான் வித்தியாசம்.

இது கிளைக்கடை பாத்துக்கோ. ஒரே கம்பெனி, ஊருக்கு ஊரு கடை, எல்லாத்துலயும் ஒரே சாப்பாட்டு அட்டை. இந்தத் தொழில்ல பெரிய கை வெதர்ஸ்பூன்னு ஒரு கம்பெனி. நீ போற கடை அது இல்லை, வேற. அதுக்குப் பேரு சொல்ல மாட்டேன்; ஏசப் போறேன்லா, அதான். வெதர்ஸ்பூனை ஆரம்பிச்சது டிம் மார்ட்டின்னு ஒருத்தர். 1979-ல வடக்கு லண்டன்ல மஸ்வெல் ஹில்லுங்கிற இடத்துல முதல் கடை. வெதர்ஸ்பூன்ங்கிறது அவருக்குப் பாடம் எடுத்த வாத்தியார் பேராம். வகுப்பை அடக்கத் தெரியாத வாத்தியார்னு அவரே சொல்லியிருக்காரு. எனக்கும் அப்படி ஒரு வாத்தியார் வாய்ச்சாரு. நான் அவரு பேரை ஆட்டுக்கடாவுக்கு வச்சு அடி வாங்கினேன். டிம் மார்ட்டின் கடைக்கு வச்சுப் பணக்காரர் ஆயிட்டாரு. கூறு வேணும்லா?

இன்னொண்ணும் கேளு. பீகார்ல மோதிஹாரியில பிறந்த ஜார்ஜ் ஆர்வெல்னு ஒரு எழுத்தாளர், 1946-ல ஒரு பேப்பர்ல தனக்குப் பிடிச்ச பப்பைப் பத்தி எழுதினாரு. பேரு ‘தண்ணிக்கடியில நிலா’. அங்க ரேடியோ கெடையாது, ஊத்திக் கொடுக்கிற பொம்பளைகளுக்கு வாரவங்க பேரு தெரியும், அது இதுன்னு ஆசையா எழுதிட்டு, கடைசியில அப்படியொரு கடையே இல்லைன்னு ஒத்துக்கிட்டாரு. வெதர்ஸ்பூன்காரன் அந்தப் பேரை எடுத்துப் பல ஊர்ல போர்டு மாட்டிட்டான். இல்லாத கடைக்குக் கிளை திறந்தவன் உலகத்துல அவன் ஒருத்தனாத்தான் இருக்கணும்.

சரி, உள்ள போயிட்டே. கவுண்டர்ல ரெண்டு தினுசா குழாய் இருக்கும். ஒண்ணு பளபளன்னு, மேல பனி பூத்து, பாத்தாலே பல்லு கூசும். உன் வயசுப் பயலுக எல்லாம் அதுலதான் விழுதாங்க. இன்னொண்ணு நீளமா மரக்கைப்பிடி போட்டு நிக்கும், நம்ம தெருவுல தண்ணிக்கு அடிப்போமே அடிபம்பு, அதுக்கு ஒண்ணுவிட்ட தங்கச்சி மாதிரி. நீ அங்க போ. அதுதான் காஸ்க் பீரு.

அதுல என்ன விசேசம்னு கேப்பே. பளபளக் குழாயில வாரது செத்த பீரு. வடிகட்டி, உசுரை எடுத்து, உருளையில அடைச்சு, காத்தை வச்சுத் தள்ளி விடுதாங்க. காஸ்க் பீரு உசுரோட வருது. பீப்பாய்க்குள்ள ஈஸ்ட்டு இன்னும் வேலை பாத்துக்கிட்டே இருக்கும், நம்ம கலயத்துல கள்ளு தானாப் பொங்குமே, அப்படி. சின்னப் பீப்பாய் ஒண்ணுல 9 காலன், அதாவது 72 பைண்ட். அதை நிலவறையில தாங்கி மேல படுக்க வச்சு, மேல் ஓட்டையில ஒரு மரக்குச்சியைச் செருகி வைக்கணும். முதல்ல காத்து போற மாதிரி மெதுக்குச்சி. பொங்கி அடங்கின பொறவு அடைக்கிற மாதிரி வலுவான குச்சி. எப்பம் எதை மாத்தணும்கிறது பக்கத்துல இருக்கிறவன் காதுக்கும் மூக்குக்கும்தான் தெரியும். நிலவறைச் சூடு 11-ல இருந்து 13 டிகிரிக்குள்ள நிக்கணும். வெள்ளைக்காரன் வெந்நி மாதிரி பீரு குடிக்கான்னு நம்ம ஊர்ல சொல்லுவாங்கள்லா, அது புளுகு. சித்திரை மாசத்து மண்பானைத் தண்ணியைவிடக் குளிர்ச்சிதான். ஐஸ்பெட்டிக் குளிர் இல்லை, அம்புட்டுத்தான். நாக்கு மரத்துப் போனா ருசி எங்க இருந்து தெரியும்?

பீப்பாயைத் திறந்துட்டா மூணு நாளு. அதுக்குள்ள தீக்கணும். எடுக்க எடுக்க உள்ள காத்துப் போகும், காத்துப் போனா புளிக்கும். இதை எனக்கு ஒருத்தன் பாடம் எடுக்கணுமா? பதனிக்குக் கலயத்துல சுண்ணாம்பு தடவணும், தடவ மறந்தா கள்ளு. எனக்கும் சில நாளு மறதி வரும், அத்தை அதுக்கெல்லாம் சாட்சி. காலையில இறக்கினது கல்கண்டு, மத்தியானம் தேவாமிர்தம், மறுநாளு காடி. கள்ளுக்கு ஒரு நாளு, இவன் பீருக்கு மூணு நாளு. நம்ம ஊர்ல 1987-ல இருந்து கள்ளுக்குத் தடை. இவங்க என்னன்னா தங்க கள்ளைக் காப்பாத்தச் சங்கமே வச்சிருக்காங்க. 1971-ல நாலு வாலிபப் பயலுக அயர்லாந்துல ஒரு கடையில உக்காந்து, நம்ம நாட்டு பீரு இப்படிச் செத்துக்கிட்டு வருதேன்னு புலம்பி ஆரம்பிச்ச சங்கம் அது. காம்ரான்னு பேரு. அவங்க கத்தலைன்னா இந்தக் கைப்பிடி எல்லாம் இப்பம் மியூசியத்துலதான் இருக்கும்.

உன் கூட வாரதுல சைவம் யாரும் உண்டா? இருந்தா நான் சொன்னேன்னு சொல்லாதே. கலங்கின பீரைத் தெளிய வைக்க மீனோட காத்துப்பையில இருந்து எடுத்த ஒரு சாமானைப் பலபேரு இன்னும் போடுதாங்க. நம்ம மணப்பாடு கடக்கரையில நெட்டின்னு காய வச்சு விப்பாங்களே, அந்தச் சாதிதான். வண்டலை இழுத்துக்கிட்டு அது அடியில போய் உக்காந்துரும். இப்பம் மீன் சேக்காமலும் செய்யுதாங்க, கேட்டு வாங்கலாம். கேக்காம விட்டா மச்சாவதாரம்.

இப்பம் நான் பட்ட பாட்டைச் சொல்லுதேன். மவன் போய் ஒரு பைண்ட் வாங்கிட்டு வந்து வச்சான். பாக்க நல்ல தேன் நெறம். கிட்ட கொண்டு போனேன், மூக்கு வேண்டாம்னுட்டு. ஒரு சொட்டு நாக்குல வச்சேன், காடி! நேத்தைக்கு முந்தின நாளுக் கலயம். ஏன்னு கவுண்டரைப் பாத்ததும் புரிஞ்சுபோச்சு. திறப்பு விழா சோடனைக்கு வரிசையா எட்டுக் கைப்பிடி நட்டு, எட்டுலயும் பீப்பாயைத் திறந்து வச்சிருக்கான். வெள்ளி, சனிக்கு வந்த கூட்டம் செவ்வாக்கிழமைக்கு வருமா? நான் போனப்பம் கடையில மொத்தம் பதினோரு பேரு. எண்ணினேன். அதுல மூணு பேரு காப்பி. கம்பெனி மேனேஜர் எங்கேயோ உக்காந்து எட்டுன்னு எழுதிட்டான், நிலவறையில நிக்கிற பயலுக்கு ரெண்டை மூடுன்னு சொல்ல நாக்கு இல்லை.

திருப்பிக் கொடுன்னேன். “அப்பா, விடுங்கப்பா, எல்லாரும் பாக்காங்க”ன்னான் மவன். படிச்ச புள்ளைக்கு வெக்கம். காசு கொடுத்துட்டுக் காடியைக் குடிக்கிறதுல இல்லாத வெக்கம்! நானே எந்திரிச்சுப் போனேன். பாசை தெரியாதே, கிளாசைத் தூக்கிக் காட்டி மூக்கைப் பிடிச்சேன். அந்தப் புள்ளைக்கு இருபது வயசு இருக்கும். வாங்கி மோந்து பாத்தா. ஒரு வார்த்தை எதுத்துப் பேசலையே! தொட்டியில ஊத்திட்டு, அந்தக் கைப்பிடியில மாட்டியிருந்த பேரு அட்டையை வெளிப்பக்கம் தெரியாம திருப்பி வச்சுட்டு, அடுத்ததுல சின்ன கிளாசுல துளி ஊத்தி நீட்டினா. ருசி பாத்துட்டுச் சொல்லணுமாம். தலையாட்டினேன். முழு பைண்ட் வந்தது. அது பீரு, மருமவனே! கொஞ்சூண்டு கசப்பு, பொறவு அடித்தொண்டையில கருப்பட்டிப் பாகு மாதிரி ஒண்ணு. பைய இறங்குது. அஞ்சு நிமிசம் நான் யாருகிட்டயும் பேசலை.

அதனால, அட்டை திருப்பி இருந்தா அந்தப் பீப்பாய் காலின்னு அர்த்தம், போய் அதையே காட்டி நிக்காதே. ருசி பாக்கத் துளி கேட்டா தருவாங்க, காசு கெடையாது. ரெண்டு தடவை கேக்கலாம். நாலு தடவை கேட்டா கோயில் சுண்டலுக்குச் சுத்தி வாரவன் மாதிரி ஆயிரும். நம்ம யார்க்சயர் பக்கம் குழாய் மூக்குல ஒரு சல்லடை மாட்டி நுரையா எழுப்பி ஊத்துதாங்க, அழகுதான். பைண்ட்டுன்னா 568 மில்லி. படி அளக்கிறவன் தலை தட்டினானா, குவிச்சு அளந்தானான்னு பாக்கிறது நம்ம பரம்பரைப் புத்தி. நுரை ரொம்ப இருந்தா இன்னும் கொஞ்சம் ஊத்தச் சொல்லு, ஊத்துவாங்க.

கவுண்டர்ல வரிசை இருக்காது. இல்லைன்னு நினைச்சு முண்டிக்கிட்டுப் போயிராதே. கண்ணுக்குத் தெரியாத வரிசை ஒண்ணு உண்டு. யாரு முன்னால வந்தா, யாரு பின்னால வந்தான்னு நிக்கிற அத்தனை பேருக்கும் மனப்பாடம். நோட்டை ஆட்டுறது, விரலைச் சொடுக்குறது எல்லாம் வேண்டாம். சும்மா நில்லு, கண்ணை மட்டும் கொடு. அப்புறம் அடையாள அட்டையை எடுத்துட்டுப் போ. 18 வயசு ஆனாப் போதும், ஆனா 25-க்குக் கீழ தெரிஞ்சாலே கேக்காங்க. உன் மூஞ்சிக்குக் கண்டிப்பாக் கேப்பாங்க. என்னைக் கேக்கலை. கொஞ்சம் வருத்தம்தான்.

ரவுண்டுன்னு ஒரு வில்லங்கம் இருக்கு. ஒருத்தன் எந்திரிச்சு எல்லாருக்கும் வாங்குவான், அடுத்தது இன்னொருத்தன். மொய் மாதிரிதான், நோட்டுல எழுத மாட்டாங்க, ஆனா ஒருத்தனும் மறக்க மாட்டான். ஓசியிலயே குடிச்சுட்டு நழுவினவன் பேரு ஆபீசுல நாறிப் போகும். நீ என்ன செய்யி, சீக்கிரமே போயிரு. மூணு பேரு வந்திருக்கும்போதே “முதல் ரவுண்டு என்னுது”ன்னு எந்திரி. தாராளமான பயன்னு பேரு கெடைக்கும், மூணு கிளாசோட செலவு முடியும். எட்டரை மணிக்கு மேல எந்திரிச்சா ஒம்பது கிளாசு. இதை உனக்கு எந்தக் காலேஜ்லயும் சொல்லித் தந்திருக்க மாட்டாங்க.

சாப்பாடு பத்தி நீளமாச் சொல்ல ஒண்ணும் இல்லை. கிளைக்கடைச் சமையல் மைக்ரோவேவ்ல டிங்குன்னு மணி அடிச்சு வாரது. மீனும் சிப்ஸும் தப்பில்லை, வெளிய மொறுமொறுன்னு இருந்தது. பக்கத்துல பச்சைப் பட்டாணியை மசிச்சு வச்சிருந்தாங்க, பிள்ளைக்கு ஊட்டுற மாதிரி. குழம்புன்னு எழுதியிருந்தா வாங்காதே, அம்மையை நினைச்சு அழுவே. ஒவ்வொரு சாமானுக்குக் கீழயும் கலோரி போட்டிருக்கும். 2022 ஏப்ரல்ல இருந்து 250 ஆளோ அதுக்கு மேலயோ வேலைக்கு வச்சிருக்கிற கம்பெனி எல்லாம் அப்படிப் போட்டே ஆகணும்னு இங்கிலாந்துல சட்டம். என் மருமவ அந்த எண்ணைப் பாத்துப் பாத்தே பசி ஆறிட்டா.

ஒண்ணே ஒண்ணு சொல்லணும். ‘உழவன் சாப்பாடு’ன்னு ஒரு தட்டு இருந்தது. மவன் படிச்சுச் சொன்னதும் எனக்குப் புல்லரிச்சுப் போச்சு, ஆகா, நம்ம ஆளு ஒருத்தனை மதிச்சிருக்காங்களேன்னு கொண்டா கொண்டான்னேன். வந்தது என்னத்த? ஒரு துண்டு சீஸு, ரொட்டி, இனிப்பு ஊறுகா, ஆப்பிள்ல பாதி. இதைத் தின்னுட்டு எவன் உழுவான்? ரெண்டு சால் போறதுக்குள்ள மாடு இவனை இழுத்துக்கிட்டுப் போயிரும். பொறவு விசாரிச்சா, ரொட்டியும் சீஸும் பழைய பழக்கம்தானாம். ஆனா இந்தப் பேரைப் பப்புக்குப் பப்பு பரப்பினது சீஸு, பால் விக்கிற சங்கத்துக்காரங்க, 1950-60-கள்ல, சரக்கு ஓடுறதுக்காக. உழவன் பேரைச் சொல்லி எவனோ வித்திருக்கான். அந்த ஒரு விசயத்துல மட்டும் ஊரை விட்டு வந்த மாதிரியே தெரியலை.

ஆங், மறந்துட்டேனே. மேசையில ஒட்டியிருக்கிற நம்பரைச் செல்போன்ல அடிச்சு, உக்காந்த இடத்துல இருந்தே கேக்கலாம், கொண்டு வந்து வச்சுருவாங்க. நீ அதைச் செய்யாதே. எந்திரிச்சுப் போ, கைப்பிடியைப் பாரு, மோந்து பாரு, அப்புறம் வாங்கு.

ஆனா ஒரு சங்கதி. எங்க இருந்து அடிச்சாலும் அந்த மேசைக்குப் போயிருமாமே? அடிக்கிறவன் கடைக்குள்ள இருக்கணும்னு கூட இல்லையாம். உன் மச்சான்தான் சொன்னான். 34-ஆம் நம்பரு, சன்னல் ஓரம், சூடு குழாய்க்குப் பக்கத்துல. வெள்ளிக்கிழமை ஆறு மணிக்கு நான் லைப்ரரிக்குப் போறேன்னு வீட்டுல சொல்லியிருக்கேன். நீ உன் ஆளுகளோட அந்தப் பக்கமாவே இரு, என்னைத் தெரிஞ்ச மாதிரி காட்டிக்க வேண்டாம். ஓரத்துல இருந்து மூணாவது கைப்பிடி. அரை பைண்ட் போதும்.

இல்ல, முழுசாவே அடி. அலைச்சல் மிச்சம்.