கோன் ஃபில்டரா, கம்பெனி டப்பாவா?

கேள்வி: 1998 மாடல் மாருதி 800, கார்புரேட்டர் வண்டி. கோன் ஃபில்டர் மாட்டினால் பிக்கப் கூடுமா?
– வாசகர், பழங்காநத்தம்

பதில்: சத்தம் நிச்சயம் கூடும்! பிக்கப்புக்கு உத்தரவாதம் இல்லை. 796 சிசி எஞ்சினுக்கு வேண்டிய காற்றைக் கம்பெனி மாட்டித் தந்த ஏர் ஃபில்டர் டப்பாவே தாராளமாகத் தந்துவிடும்.

சித்திரை வெயிலில் பழங்காநத்தம் ரவுண்டானா நெரிசலில் வண்டி நின்றால் பானெட்டுக்குள் அனல் பறக்கும். மூடியில்லாத கோன் ஃபில்டர் குடிப்பது அந்த அனலைத்தான். 40 டிகிரி காற்று 70 டிகிரி ஆனால் அடர்த்தி சுமார் 9 சதவீதம் குறையும். எரிக்கக் கிடைக்கும் ஆக்சிஜனும் அதே அளவு குறையும். காசும் கொடுத்து, இழுவையையும் இழப்பானேன்? முன்பக்கத்திலிருந்து வெளிக்காற்றைக் கொண்டுவரும் குழாயும் வெப்பத்தைத் தடுக்கும் தகடும் சேர்ந்த செட் என்றால் யோசிக்கலாம். அப்போதும் காற்று கூடி, கலவையில் பெட்ரோல் குறைந்துபோகலாம். கார்புரேட்டர் ஜெட்டை மாற்ற வேண்டிவரும்.

கோன் ஃபில்டர்களில் எண்ணெய் தடவிய பருத்தி வகையைக் கழுவிக் கழுவிப் பயன்படுத்தலாம். எண்ணெய் காய்ந்தால் மட்டும் ஆபத்து: புழுதி உள்ளே போய் பிஸ்டன் ரிங்கைத் தேய்த்துவிடும்.

முதலில் எஞ்சினுக்குக் காற்று போகும் பழைய ரப்பர் ஹோஸை மடக்கிப் பாருங்கள். மடிப்பில் விரிசல் தெரிந்தால் உடனே மாற்றுங்கள். கூடவே புது பேப்பர் ஃபில்டர், கார்புரேட்டர் சர்வீஸ். இந்த வண்டிக்கு அதுவே போதும்.