சுண்ணாம்பில் வெந்த மக்காச்சோளம்

எண்பதுகளின் நடுவில், ஓவியக் கல்லூரி நண்பர்களோடு ஈஞ்சம்பாக்கத்துக்கு அடிக்கடி போவேன். திருவான்மியூர் தாண்டினால் சவுக்குத் தோப்பும் மணலும்தான். பஸ்ஸை விட்டுவிட்டால் அடுத்த பஸ்ஸுக்கு வெகுநேரம் நிற்க வேண்டும். சோழமண்டலம் கலைஞர் கிராமத்தில் மத்தியான வெயிலில் ஒருவர் செம்புத் தகட்டைத் தட்டிக்கொண்டிருப்பார், இன்னொருவர் வாசலில் கேன்வாஸைக் காயவைத்திருப்பார். நாங்கள் வாழையிலையில் கட்டிக்கொண்டு போன தயிர்சாதத்தை மரத்தடியில் பிரிப்போம். அந்தப் பக்கம் சாப்பாட்டுக் கடை என்று ஒன்றைத் தேடிப்போகிற நினைப்பே யாருக்கும் வந்ததில்லை.

சென்னை ஓவியக் கல்லூரியின் முதல்வராக இருந்த கே.சி.எஸ். பணிக்கரும் அவரோடு சேர்ந்த ஓவியர்களும் சிற்பிகளும் 1966-இல் உருவாக்கிய ஊர் அது. பாத்திக் துணி போன்ற கைவினைப் பொருள்களை விற்ற பணத்தில் நிலம் வாங்கினார்கள். சாப்பாட்டுக்கு ஒரு தொழில் கையில் இருந்தால், வாங்குபவருக்காக ஓவியத்தை வளைக்க வேண்டியதில்லை என்பது அவர்கள் கணக்கு. மெழுகைக் காய்ச்சுவதும் சாயத்தில் தோய்ப்பதும் அவர்களுக்குக் கேவலமாகத் தோன்றவில்லை. இரவலாக வந்த தொழிலை முழுசாகக் கற்ற பிறகுதான் தங்கள் கோட்டை அதில் இழுத்தார்கள். இந்த ஒழுங்குதான் என்னை அங்கே திரும்பத் திரும்ப இழுத்தது.

இன்று அதே சாலையில் சனிக்கிழமை மாலை வண்டி நகராது. ஒரு கேலரியை ஒட்டி மெக்சிகோ உணவையும் நம் சமையலையும் கலந்து தரும் உணவகம் ஒன்று புதிதாகத் திறந்திருக்கிறார்கள். மகளும் மருமகனும் அழைத்துப்போனார்கள். கண்காட்சியைப் பார்த்துவிட்டு அப்படியே பக்கத்துக் கதவு வழியாகச் சாப்பாட்டு மேசைக்கு வந்துவிடலாம். பெயிண்ட் வாசம் போவதற்குள் மீன் வாசம் வந்துவிடுகிறது. எனக்கு அது பிடித்திருந்தது.

பட்டியலில் எல்லாமே தேறவில்லை. செட்டிநாட்டுக் கோழியை மைதா ரொட்டியில் சுருட்டித் தருவதில் செட்டிநாடும் இல்லை, மெக்சிகோவும் இல்லை. ஆனால் சங்கரா மீனைப் பொரித்து, மாங்காய்த் துருவலும் கொத்தமல்லியும் பச்சைமிளகாயும் சேர்த்து மக்காச்சோள ரொட்டியில் வைத்துத் தந்த டாக்கோ வேறு ஜாதி. மடிக்கும்போது ரொட்டி விரியவில்லை. மென்றால் இலேசான இனிப்பும், புதுச்சுவருக்கு வெள்ளையடித்ததுபோல் ஒரு வாசமும் வந்தது. மாவில் சுண்ணாம்பு இருக்கிறது என்று நாக்குக்குத் தெரிந்துவிட்டது. எழுந்து சமையலறைப் பக்கம் போனேன்.

பக்கத்துக் குப்பத்தைச் சேர்ந்த ஓர் அம்மா மாவை எலுமிச்சை அளவுக்கு உருட்டி, இரண்டு பிளாஸ்டிக் தாளுக்கு நடுவே வைத்து, இரும்பு அச்சில் அழுத்திக்கொண்டிருந்தார். வட்டம் கல்லில் விழுந்து, திருப்பிப்போட்டதும் நடுவில் உப்பி எழுந்தது.

“மாவு கடையில வாங்குறதாம்மா?”

“இல்ல சார், எல்லாம் இங்கதான். ராத்திரியே சோளத்தைச் சுண்ணாம்புத் தண்ணியில வேகவச்சு மூடிடுவோம். கிலோவுக்குப் பத்து கிராம் சுண்ணாம்பு. கூடிப்போனா கசக்கும், கொறஞ்சா தோல் கழராது. காலையில நல்லா அலசிட்டு கிரைண்டர்ல போடுவேன்.”

மூலையில் கோயம்புத்தூர் கிரைண்டர் ஓடிக்கொண்டிருந்தது. நிறைவாக இருந்தது.

மிளகாயும் தக்காளியும் பப்பாளியும் சப்போட்டாவும் மெக்சிகோ பக்கத்திலிருந்து கடல் கடந்து நம் கொல்லைக்கு வந்தவை. காய் வந்தது, அங்கே அதைச் சமைத்த முறை வரவில்லை. மிளகாயில் அதனால் நமக்கு நஷ்டமில்லை, நாமே ஒரு முறையைக் கண்டுபிடித்துக்கொண்டோம். மக்காச்சோளத்தில் உலகம் பெரிய விலை கொடுத்தது. அதிலுள்ள நியாசின் என்ற உயிர்ச்சத்து, சுண்ணாம்பு போன்ற காரத்தில் வெந்தால்தான் உடம்பில் சேரும். ஆயிரக்கணக்கான ஆண்டுகளாக அந்த மண்ணின் பெண்கள் இப்படித்தான் வேகவைத்து, கல்லில் அரைத்தார்கள். ஐரோப்பியர்கள் தானியத்தை எடுத்துக்கொண்டு சுண்ணாம்பை விட்டுவிட்டார்கள். 18-ஆம் நூற்றாண்டில் ஸ்பெயினிலும் வட இத்தாலியிலும் மக்காச்சோளத்தையே நம்பிய ஏழைகளைப் பெல்லக்ரா பிடித்தது. தோல் கறுத்து உரிந்து, வயிறு கெட்டு, கடைசியில் புத்தி பேதலிக்கும் நோய். 20-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அமெரிக்காவின் தென்மாநிலங்களிலும் ஆயிரக்கணக்கானோர் இதில் செத்தார்கள். இது தொற்றுநோயல்ல, சாப்பாட்டின் குறை என்று மருத்துவர் ஜோசப் கோல்ட்பெர்கர் நிரூபித்த பிறகும் பலர் நம்ப மறுத்தார்கள். ஒரு சமையலறைப் பழக்கத்தை அற்பமென்று ஒதுக்கியதன் விளைவு இது. எப்போது நினைத்தாலும் எனக்கு ஆத்திரம் வரும்.

கேடு கலப்பதில் இல்லை, முறையைக் கற்காமல் பொருளை மட்டும் எடுப்பதில்தான். அதனால்தான் கலப்பு என்றாலே முகம் சுளிப்பவர்களோடு எனக்கு உடன்பாடில்லை. ஓவியர் சதீஷ் குஜ்ரால் 1952-இல் மெக்சிகோ போய், தியேகோ ரிவேரா, சிக்கேரோஸ் ஆகியோரிடம் சுவரோவியம் கற்றார். திரும்பி வந்து நம் கட்டடச் சுவர்களில் அவர் செய்தவை ரிவேராவின் நகல்கள் அல்ல. கூடவே நின்று கை படிந்து கற்றவர் என்பதால் அவருக்கு நகலெடுக்கும் அவசியம் இருக்கவில்லை. இந்த உணவகத்தை நடத்தும் இளைஞரும் மெக்சிகோவின் வஹாக்கா மாநிலத்தில் ஓராண்டு அடுப்படியில் வேலை பார்த்தவராம். மீன் டாக்கோவில் அந்த ஓராண்டு தெரிகிறது, மைதா ரொட்டியில் தெரியவில்லை. அதைப் பட்டியலிலிருந்து எடுத்துவிடுங்கள் என்று நேராகவே சொன்னேன். வாடிக்கையாளர்கள் கேட்கிறார்கள் சார் என்றார். பணிக்கர் காலத்து வாதம்தான் இது. சோழமண்டலத்து ஓவியர்கள் வாங்குபவருக்காக வளையவில்லை, நீங்களும் வளையாதீர்கள் என்றேன். இரண்டு பேர் சாப்பிட்டால் வரும் பில், மாவு தட்டும் அந்த அம்மாவின் இரண்டு நாள் கூலியைத் தாண்டும் என்பதையும் சொன்னேன். மத்தியானத்தில் மக்காச்சோள ரொட்டியும் காராமணியும் மட்டும் குறைந்த விலைக்குத் தரலாமா என்று யோசிப்பதாகச் சொன்னார்.

அவருக்கு இப்போது வெள்ளை மக்காச்சோளம் வேண்டும். மெக்சிகோவில் ரொட்டிக்குப் பெரும்பாலும் அதுதான். பெரம்பலூரிலிருந்து அவருக்கு வருவது கோழித் தீவனத்துக்குப் போகிற மஞ்சள் ரகம். அங்கே ஒரு விவசாயி வரும் புரட்டாசிப் பட்டத்தில் அரை ஏக்கர் போட்டுப்பார்க்க ஒப்புக்கொண்டிருக்கிறார், விதைதான் கையில் இல்லை. கோவை வேளாண் பல்கலைக்கழகத்தில் விசாரிக்கச் சொல்லியிருக்கிறேன்.